சியேனாவின் மயெஸ்தா: முகம் ஒரு சுவரில், முதுகு எதிர்ச் சுவரில்

இத்தாலியின் சியேனா நகரப் பேராலயத்தின் பக்கத்தில் இருக்கும் மூசேயோ தெல்லோபெரா அருங்காட்சியகத்துக்குப் போக ஒரு காரணம் போதும். துச்சோ தி புவோனின்சேஞ்ஞா 1308 முதல் 1311 வரை வரைந்த 'மயெஸ்தா' என்ற பலிபீட ஓவியம் முதல் மாடியில், மங்கலான ஒரு கூடத்தில் இருக்கிறது. அதை ஓவியமாகப் பார்க்க இதைவிட நல்ல இடம் உலகில் இல்லை. ஆனால் அது ஓவியமாக மட்டும் செய்யப்பட்டதல்ல. திருப்பலி நடக்கும் மேசைமேல், இரண்டு பக்கமும் வேலை செய்யும்படி நிறுத்தப்பட்ட வழிபாட்டுப் பொருள் அது. அந்தப் பாதியைக் கூடத்தில் இருப்பதை வைத்து மட்டும் புரிந்துகொள்ள முடியாது. கொஞ்சம் தயார் செய்துகொண்டு போக வேண்டும்.

முதல் தயாரிப்பு, அருங்காட்சியகத்துக்கு முன்னால் பேராலயத்துக்குள் போவது. நுழைவுச்சீட்டு ஒன்றேதான். 'ஓபா சி பாஸ்' என்ற கூட்டுச்சீட்டு மூன்று நாள் செல்லும். பேராலயம், பிக்கோலோமினி நூலகம், அருங்காட்சியகம், நிலவறை, திருமுழுக்குக் கோவில், ஃபச்சாத்தோனே மேல்தளம் ஆகிய எல்லாவற்றுக்கும் அதுவே. இடத்துக்கு ஒரு முறைதான் நுழையலாம். பேராலயத்தின் பளிங்குத் தரைச் சித்திரங்களைத் திறந்து காட்டும் கோடை, இலையுதிர்கால வாரங்களில் விலை ஏறும். தரையையும் பார்க்கும் ஆசை இருந்தால் அந்த வாரங்கள் லாபம். மயெஸ்தாவுக்காக மட்டும் வருபவர்களுக்குக் கூடுதல் காசும் கூடுதல் கூட்டமும்தான் மிச்சம்.

உள்ளே போனதும் குவிமாடத்தின் அடியில் நிற்க வேண்டும். இன்றைய உயர்பீடம் பின்னால் வளைவறையில் இருக்கிறது. அது பால்தஸ்ஸாரே பெருத்சி 1532இல் அமைத்தது. 1311இல் உயர்பீடம் இவ்வளவு உள்ளே தள்ளி இல்லை, குவிமாடத்தை ஒட்டி இருந்தது. அதன்மேல் நான்கு மீட்டருக்குமேல் அகலமும், அடிப்பலகையும் உச்சிப்பலகைகளும் சேர்ந்து ஏறத்தாழ ஐந்து மீட்டர் உயரமும் கொண்ட பொன்மயமான ஒரு மரச்சுவர் நின்றதாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். மக்கள் நின்ற பக்கத்தில் மரியா. பின்னால் இருந்த குருக்களின் பக்கத்தில் கிறிஸ்துவின் பாடுகள், அதாவது அவர் சிலுவையில் சாகும்வரை பட்ட துன்பங்கள். இந்த அளவையும் இந்த இரண்டு பக்கங்களையும் மனதில் பதித்துக்கொண்டு வெளியே வந்தால், அருங்காட்சியகம் பாதி விளங்கிவிடும்.

எதற்காக இவ்வளவு பெரிதாக? 1260 செப்டம்பர் 4 அன்று மோன்தாபெர்த்திப் போரில் சியேனா ஃபுளோரன்ஸைத் தோற்கடித்தது. போருக்கு முன்பு நகரையே மரியாவின் கையில் ஒப்படைத்ததாகவும், அதனால்தான் வென்றதாகவும் சியேனாக்காரர்கள் நம்பினார்கள். அதன் பிறகு அவர்களுக்கு மரியா வெறும் புனிதர் அல்ல, ஊரின் தலைவி. மரியாவின் விண்ணேற்பு விழாவான ஆகஸ்ட் 15க்கு முந்தைய நாள் குடிமக்களும் ஆளுகைக்கு உட்பட்ட ஊர்களும் பேராலயத்துக்கு மெழுகு காணிக்கை கொண்டுவர வேண்டும் என்பது சட்டம். காணிக்கை வந்து சேரும் பீடத்தில் யார் அமர்ந்திருக்கிறார் என்பது, ஆகவே, பக்தி விஷயம் மட்டுமல்ல, அரசியல் விஷயமும்கூட.

இந்த நோக்கம் ஓவியத்தின் அமைப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. முன்பக்கத்தின் நடுவில் பளிங்கு அரியணையில் மரியா; அரியணையின் இரு கைகளும் திறந்த புத்தகம்போல் விரிகின்றன. சுற்றிலும் 20 வானதூதர்கள். இடக்கோடியில் அலெக்சாந்திரியாவின் கத்தரீன், பிறகு பவுல், நற்செய்தியாளர் யோவான். வலப்பக்கம் திருமுழுக்கு யோவான், பேதுரு, கோடியில் ஆக்னஸ். இவர்கள் நிற்கிறார்கள். முன்வரிசையில் நான்குபேர் மண்டியிடுகிறார்கள்: இடப்பக்கம் அன்சானோவும் சவீனோவும், வலப்பக்கம் கிரெஷென்சியோவும் வித்தோரேயும். நால்வரும் சியேனாவின் காவல் புனிதர்கள். ஊருக்காக வழக்காட வந்தவர்கள் அவர்கள்தான். அதனால்தான் மற்றவர்கள் நிற்க, அவர்கள் முழங்காலில் இருக்கிறார்கள். அவர்கள் கெஞ்சுவது நகரத்துக்காக. மரியாவின் பார்வையோ வெளியே, மக்களை நோக்கி இருக்கிறது. இது பரிந்துரை மன்றம். விசாரணை நடந்துகொண்டே இருக்கும் மன்றம்.

மனுவின் வாசகமும் அங்கேயே, அரியணையின் படியில் இலத்தீனில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 'இறைவனின் தூய தாயே, சியேனாவின் அமைதிக்குக் காரணமாயிரு. உன்னை இப்படி வரைந்த துச்சோவுக்கு வாழ்வாயிரு' என்பது அதன் பொருள். முதல் கோரிக்கை ஊருக்கு, இரண்டாவது ஓவியனுக்கு. ஊரோடு தன்னையும் ஒரே மனுவில் சேர்த்துக்கொண்டது துச்சோவின் துணிச்சல். பலரும் முகத்தையே பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கண்ணை அரியணையின் அடிவரை இறக்குங்கள்.

பீடத்தோடு இதற்கிருந்த தொடர்பைப் பிடிக்க ஒரு வழி உண்டு. குரு மக்களுக்கு முதுகைக் காட்டி, ஓவியத்தை நோக்கி நின்றுதான் திருப்பலி நிறைவேற்றினார். எழுந்தேற்றத்தின்போது அப்பத்தைத் தலைக்குமேல் உயர்த்திக் காட்டும் வழக்கம் 13ஆம் நூற்றாண்டில்தான் பரவியிருந்தது. உயர்த்திய அப்பத்துக்குப் பின்னணியாக, தாயின் மடியில் இருக்கும் குழந்தை தெரியும். குருவின் கையில் இருப்பதும் அந்த மடியில் இருப்பதும் ஒரே உடல் என்று கோவில் கற்பித்ததைக் கண்ணுக்குக் காட்டியது இந்த அமைப்பு. கூடத்தில் ஓவியத்துக்கு நேர் நடுவில், சில அடி தள்ளி நின்று பாருங்கள். குரு நின்ற இடம் ஏறக்குறைய அதுதான். ஒரு குறை: பீடமேசையின் உயரமும் அடிப்பலகையின் உயரமும் கீழே இல்லாததால், அண்ணாந்து பார்க்க வேண்டிய மரியா இங்கே நெருங்கிவந்து நிற்கிறாள். ஓவியத்தின் நுணுக்கத்துக்கு இது நல்லது. அதன் அதிகாரத்துக்கு நல்லதல்ல.

இனி பின்பக்கம். இந்தக் கூடத்தில் செலவிடும் நேரத்தில் முக்கால் பங்கை இதற்கே கொடுக்கலாம். எருசலேம் நுழைவில் தொடங்கி எம்மாவு வழி வரை 26 காட்சிகள். தொடக்கம் கீழ்வரிசையின் இடக்கோடியில்; மேலிருந்து படிக்க ஆரம்பித்தால் குழம்பிப்போகும். இரண்டு காட்சிகளுக்கு மட்டும் அளவில் சலுகை. எருசலேம் நுழைவு இரண்டு அடுக்கு உயரம். சிலுவைச் சாவு நடுவில், மற்றவற்றைவிட உயர்ந்தும் அகன்றும் நிற்கிறது. குருக்கள் உட்கார்ந்திருந்த தொலைவிலிருந்து மற்ற எதுவும் தெளிவாகத் தெரியாவிட்டாலும் அது தெரியும்.

பேதுரு மறுதலிக்கும் காட்சியைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். கீழே முற்றத்தில் பேதுரு மற்றவர்களோடு நெருப்பில் கால் காய்ச்சிக்கொண்டிருக்கிறார். பணிப்பெண் அவரைக் காட்டிப் பேசுகிறாள். மேலே உள்ள காட்சியில் அதே நேரத்தில் கிறிஸ்து தலைமைக் குரு அன்னாவின் முன்னால் விசாரணைக்கு நிற்கிறார். இரண்டையும் ஒரு படிக்கட்டு இணைக்கிறது. கீழ்ச் சட்டத்தில் தொடங்கி, மேல் சட்டத்தில் போய் முடிகிறது அந்தப் படிக்கட்டு. 'இங்கே இது நடக்கும்போது, அங்கே' என்று சொல்ல ஓவியத்துக்கு வாய் இல்லை. துச்சோ ஒரு படிக்கட்டைப் போட்டுச் சொல்லிவிட்டார். வரிசையாக இடமிருந்து வலமாக மட்டும் படிப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள்.

கிறிஸ்துவின் உடையையும் தொடர்ந்து கவனியுங்கள். பாடுகளின் காட்சிகளில் அவருடைய மேலாடைக்குப் பொன்னோரம் மட்டும் உண்டு. உயிர்த்தெழுந்த பிறகு மடிப்புகள் முழுவதும் மெல்லிய பொற்கோடுகளாக மின்னுகின்றன. ஆனால் எம்மாவு வழியில் அவர் வழிப்போக்கரின் வேடத்தில் வருகிறார். சீடர்களுக்கு அடையாளம் தெரியாத இடமல்லவா, அங்கே பொன் இல்லை. இறையியலைப் பேச்சில் அல்ல, பொற்கோட்டில் எழுதிய விதம் இது. மேல்வரிசைக் காட்சிகள் தலைக்குமேல் இருப்பதால், இதையெல்லாம் பார்க்கச் சிறிய இருகண்நோக்கி ஒன்று கையில் இருப்பது நல்லது.

கூடத்தின் வெளிச்சம் குறைவு என்று சலித்துக்கொள்பவர்கள் உண்டு. முட்டை மஞ்சள்கருவில் குழைத்த வண்ணத்துக்கும் 700 ஆண்டு மரத்துக்கும் கடும் விளக்கு ஆகாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த ஓவியம் மெழுகுவர்த்தி வெளிச்சத்துக்காகவே செய்யப்பட்டது. உள்ளே வந்தவுடன் பார்க்கத் தொடங்காமல் சில நிமிடம் உட்கார்ந்து கண்ணைப் பழக்குங்கள். பிறகு மெதுவாக இடமும் வலமும் நடந்தால் ஒளிவட்டங்கள் ஒவ்வொன்றாக எரிந்து அணையும். காரணம், பொன் வைத்த முறை: பாப்லர் பலகை, அதன்மேல் துணி, அதன்மேல் ஜிப்சமும் தோல் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு பல அடுக்கு, அதன்மேல் செங்களிமண், அதன்மேல் தங்க ரேக்கு. களிமண்ணின் மென்மையால்தான் ரேக்கைத் தேய்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்ற முடிகிறது. பிறகு அதில் கோடுகளும் புள்ளிகளும் பதித்தார்கள். அந்தப் பள்ளங்கள்தான் ஒளியைச் சிதறடிக்கின்றன. ரேக்கு தேய்ந்த இடங்களில் செந்நிறம் தலைகாட்டுகிறது. அது அழுக்கு அல்ல, அடியிலுள்ள களிமண். முகங்களில் தெரியும் பச்சைச் சாயலும் அப்படித்தான். தோல் நிறத்துக்கு அடியில் பச்சை மண் பூசுவது அக்கால வழக்கம். மேல்நிறம் தேயத் தேய அது எட்டிப்பார்க்கிறது. மரியாவின் நீல மேலாடை மட்டும் கருத்துப்போய்விட்டது, மங்கல் வெளிச்சத்தில் ஏறக்குறைய கறுப்பாகவே தெரியும்.

இப்போது பெரிய கேள்வி: ஒரே பொருளின் இரண்டு பக்கங்கள் எப்படி எதிரெதிர்ச் சுவர்களுக்குப் போயின? 1506இல் உயர்பீடத்திலிருந்து இது இறக்கப்பட்டது. அந்த இடத்துக்கு, பேராலயத்தின் எதிரே இருந்த மருத்துவமனைக் கோவிலிலிருந்து, சிற்பி வெக்கியெத்தாவின் வெண்கல நற்கருணைப் பேழை வந்தது. இன்றும் பெருத்சியின் பீடத்தின்மேல் அதுதான் இருக்கிறது. மயெஸ்தா பக்கத்துக்கு ஒதுக்கப்பட்டது. 1771இல், இரண்டு பக்கங்களையும் தனித்தனிப் பீடங்களில் வைக்கலாம் என்று முடிவாகி, ரம்பத்தை எடுத்தார்கள்.

கட்டுமானத்தை அறிந்தால் இது எவ்வளவு ஆபத்தான வேலை என்பது புரியும். முன்பக்கப் பலகைகள் தடித்தவை, செங்குத்தாக நிற்பவை. பின்பக்கப் பலகைகள் மெல்லியவை, கிடையாகப் படுத்தவை. இரண்டும் ஆணியால் பிணைக்கப்பட்டிருந்தன. முதலில் மொத்தத்தையும் மேலிருந்து கீழாக ஏழு துண்டுகளாக அறுத்தார்கள்; பிறகு ஒவ்வொரு துண்டையும் முன், பின் எனக் கனத்தின் வழியாகப் பிளந்தார்கள். அந்தப் பிளப்பில் கை தவறி, மரியாவின் முகமும் உடையும் காயப்பட்டன. ஓவியத்துக்கு ஒரு பக்கமாக நின்று சாய்வாகப் பார்த்தால் துண்டுகளின் செங்குத்துக் கோடுகள் இப்போதும் தெரியும். அவற்றில் எல்லாமே ரம்பத்தின் வேலை அல்ல. மரம் குறுக்காகச் சுருங்கி விரியும். செங்குத்துப் பலகையோடு கிடைப் பலகையை ஆணியடித்தால் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே இருக்கும். இணைப்புகளில் பூச்சு வெடித்து உயர்வதற்கு இது பழைய காரணம். பாகங்கள் 1878இல் அருங்காட்சியகத்துக்கு வந்தன; 1950களில் உரோமையின் மத்திய புனரமைப்பு நிறுவனம் விரிவாகச் சீர்செய்தது.

1771இல் தளர்ந்த துண்டுகள் எல்லாம் சியேனாவில் தங்கவில்லை. அடிப்பலகையின் முன்புறத்தில் கிறிஸ்துவின் குழந்தைப் பருவம், பின்புறத்தில் அவருடைய பணிவாழ்வு. இவற்றில் வானதூதர் மரியாவுக்குச் செய்தி சொல்வது, பார்வையற்றவர் குணமாவது, உருமாற்றம் ஆகிய மூன்றும் லண்டன் நேஷனல் கேலரியில். கிறிஸ்து பிறப்பும் பேதுருவையும் அந்திரேயாவையும் அழைப்பதும் வாஷிங்டனில். மலையில் சோதனை நியூயார்க் ஃப்ரிக்கில். சமாரியப் பெண் மாட்ரிட் தைசனில். லாசர் உயிர்பெறுவது டெக்சாஸின் கிம்பெல்லில். பின்புற அடிப்பலகையில் எஞ்சிய எட்டும் 2024, 2025 ஆண்டுகளில் நியூயார்க், லண்டன் கண்காட்சியில் ஒருசேர வைக்கப்பட்டன. பிரிந்ததால் என்ன இழப்பு என்பதற்கு ஒரே எடுத்துக்காட்டு போதும். குணமான பார்வையற்றவர் தலையை உயர்த்தி எதையோ பார்க்கிறார். தனியாக மாட்டினால் அது வெறும் வியப்பு. வரிசையில் வைத்தால் அடுத்த பலகை உருமாற்றம். கண் திறந்தவர் முதலில் காண்பது ஒளிமயமான கிறிஸ்துவை. சியேனாவில் மிச்சமுள்ள அடிப்பலகைகளையும் மரியாவின் இறுதி நாள்களைச் சொல்லும் உச்சிப்பலகைகளையும் பார்க்கும்போது, அவை பெரிய பலகையின் கீழும் மேலும் இருந்தவை என்று நினைவூட்டிக்கொள்ள வேண்டும். அருங்காட்சியகத்தில் அவை தனிப்படங்களாகத்தான் மாட்டப்பட்டிருக்கின்றன.

இவ்வளவு வேலைக்கும் ஒப்பந்தம் என்ன? 1308 அக்டோபர் 9 தேதியிட்ட ஆவணம் இருக்கிறது. துச்சோ தன் கையாலேயே வரைய வேண்டும், முடியும்வரை வேறு வேலை ஏற்கக்கூடாது; பேராலயப் பணியகம் எல்லாப் பொருள்களையும் வாங்கித் தரும். கூலி வேலைநாளுக்கு 16 சோல்தி, வேலை செய்யாத நாளுக்குப் பிடித்தம். நற்செய்தி நூலின்மேல் கைவைத்துச் சத்தியமும் வாங்கிக்கொண்டார்கள். பின்பக்கத்துக்குத் தனிக் கணக்கு: பெரிய பலகையின் 26 காட்சிகளோடு மற்றவையும் சேர்த்து 34 காட்சிகள், பெரியவற்றுக்காக 38 என்று எண்ணி, காட்சிக்கு இரண்டரைப் பொன் ஃபுளோரின். மொத்தம் 3000 ஃபுளோரினுக்குமேல் ஆனது என்று பழைய வரலாற்றுக் குறிப்பு சொல்லும். ஊர்ப்பெருமை கொஞ்சம் சேர்ந்த கணக்கு அது.

அதே சீட்டில் பார்க்க வேண்டிய மற்றவை இரண்டு, மூன்றுதான். தரைத்தளத்தில் துச்சோவின் வடிவமைப்பில் 1287, 1288இல் செய்த வட்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல் இருக்கிறது. அசல் இங்கே, பேராலயத்தில் இருப்பது நகல். அதில் காவல் புனிதர் நால்வரில் ஒருவர் பர்த்தலமேயு. இருபது ஆண்டுகளில் மயெஸ்தாவில் அந்த இடத்தை வித்தோரே பிடித்துவிட்டார். ஊர் தன் வழக்கறிஞரை மாற்றிக்கொண்டதுபோல. மேல்மாடியில் 'பெரிய கண்களின் மாதா' இருக்கிறது. மோன்தாபெர்த்திக் காலத்தில் உயர்பீடத்தில் இருந்தது இதுதான் என்கிறது மரபு. அது மயெஸ்தாவைவிட மிகச் சிறியது, புடைப்பாகச் செதுக்கி வண்ணம் தீட்டியது, முகபாவனை எதுவும் இல்லாமல் நேராக வெறித்துப் பார்ப்பது. இதைப் பார்த்துவிட்டு மீண்டும் முதல் மாடிக்கு இறங்கிவந்தால், துச்சோ என்ன மாற்றினார் என்பதற்கு விளக்கம் தேவையில்லை. ஜொவான்னி பிசானோவின் முகப்புச் சிலைகள் அருமையானவை. ஆனால் மயெஸ்தாவுக்கான தெம்பை அங்கே கரைத்துவிடக்கூடாது. பியெத்ரோ லோரென்செத்தியின் 1342ஆம் ஆண்டு 'மரியாவின் பிறப்பு' பலகைக்குக் கால்மணி நேரம் ஒதுக்கலாம்.

ஃபச்சாத்தோனே மேல்தளத்துக்கு இந்த அருங்காட்சியகத்தின் வழியாகத்தான் ஏற வேண்டும். குறுகிய சுழற்படி, சிறு குழுக்களாக விடுவதால் வரிசை நீளும். முழங்கால் வலி, உயர பயம் உள்ளவர்கள் தவிர்க்கலாம். 1339இல் தொடங்கி, 1348 கொள்ளைநோய்க்குப் பின் கைவிடப்பட்ட புதிய பேராலயத்தின் வெறும் முகப்புச் சுவர் அது. அருங்காட்சியகமே அந்த முடியாத கோவிலின் பக்கவாட்டுக் கூடத்தில்தான் அமைந்திருக்கிறது. மேலே நின்றால் ஒருபக்கம் காம்போ சதுக்கம், மறுபக்கம் ஸ்டல்லோரெஜ்ஜி தெருவின் கூரைகள். 1311 ஜூன் 9 அன்று துச்சோவின் பட்டறையிலிருந்து மயெஸ்தா இந்த வழியாகத்தான் வந்தது. கடைகள் மூடப்பட்டன, மணிகள் அடித்தன. ஆயரும் குருக்களும் நகரை ஆண்ட ஒன்பது பேரும் முன்னே செல்ல, மக்கள் மெழுகுவர்த்தியோடு பின்னே. எக்காளம், குழல், தாளக்கருவி வாசித்தவர்களுக்கு நகரம் கூலி கொடுத்த கணக்கும் இருக்கிறது. பட்டறையிலிருந்து நேராக வந்தால் சில நிமிட நடை. அவர்கள் காம்போவைச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். கூடத்தை விட்டு இறங்கியதும் அந்தத் தெருவில் இரட்டை வளைவு வரை நடந்துவிட்டு வரலாம், சீட்டு தேவையில்லை.